குமரி மாவட்டத்தில் நைட்ரோ ஆர்.சி. கார் வாங்குவோருக்கு: எரிபொருள் முதலில், கார் கடைசியில்

நைட்ரோ கார் என்பது மெத்தனால் கலவையில் ஓடும் சிறு எஞ்சின் பொருத்திய, ரிமோட்டால் ஓட்டும் (ஆர்.சி., அதாவது ரேடியோ கன்ட்ரோல்) மாதிரிக் கார். அதை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் காரை வாங்குகிறார்கள், அது வீட்டுக்கு வந்த பிறகு எரிபொருளைத் தேடுகிறார்கள், அதுவும் கிடைத்த பிறகு எங்கே ஓட்டுவது என்று யோசிக்கிறார்கள். நானும் அந்த வரிசையில்தான் போனேன். நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்குக் கார் வந்த நாளிலிருந்து முதல் லிட்டர் எரிபொருள் கைக்கு வர 37 நாள்கள் ஆயின. ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் கடற்கரை மணல் எஞ்சினைத் தின்றுவிட்டது. அதற்கான பிஸ்டனும் ஸ்லீவும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) எங்கும் கிடைக்காமல் ஐந்து மாதம் கார் அலமாரியின் மேல் கிடந்தது. இந்தக் கட்டுரையின் வரிசை அதனால்தான் தலைகீழாக இருக்கிறது. பந்தயத்துக்காக அல்லாமல், ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் புகையும் சத்தமுமாக ஓட்டி மகிழ விரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. கடைக்காரர் சொல்லும் ‘பெட்ரோல் கார்’ எது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

இணையக் கடைகளிலும் நேரடிக் கடைகளிலும் இரண்டு வேறு வகைக் கார்களை ‘பெட்ரோல் ஆர்.சி. கார்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். 1/5 அளவுள்ள, அதாவது நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கான, பெரிய கார்களில் 23 சிசிக்கு மேற்பட்ட, ஸ்பார்க் பிளக் உள்ள எஞ்சின் இருக்கும். அவை உண்மையிலேயே பெட்ரோலும் 2டி எண்ணெயும் கலந்து ஓடுபவை. 1/10, 1/8 அளவுகளில் வருபவை பெரும்பாலும் நைட்ரோ கார்கள். இவற்றில் ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலாக குளோ பிளக் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருளை 1.2 அல்லது 1.5 வோல்ட் பேட்டரியால் முதலில் சூடேற்றிவிட்டால், அதன்பின் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரிந்து சுருளைத் தானாகவே தணலாக வைத்திருக்கும். பெட்ரோலுக்கு இந்தக் குணம் இல்லை. ஆகவே நைட்ரோ காரில் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் ஓடாது. ரப்பர் குழாய்களும் டேங்கின் அடைப்பும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

அவுட்போர்டு எஞ்சின் பழுதுபார்க்கும் குளச்சல் மெக்கானிக் ஒருவரிடம் என் காரைக் கொண்டுபோனபோது, “தம்பி, இதுல கரண்டு எங்கேருந்து வருது?” என்றுதான் முதலில் கேட்டார். நாற்பது ஆண்டுகள் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பார்த்தவருக்கே புதிராக இருந்த பொருள் நமக்கும் முதல் மாதம் புதிராகத்தான் இருக்கும். அந்த ஒரு மாதப் பொறுமை உங்களிடம் இல்லையென்றால், இப்போதே மின்கார் வாங்கிக்கொள்வது நல்லது. அதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

2. எரிபொருள் எப்படி வரும் என்பதை உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்

நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் கலந்தது. கார்களுக்கான கலவையில் நைட்ரோமீத்தேன் 16 முதல் 25 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். பொழுதுபோக்குக்கு 16 அல்லது 20 போதும். அதற்கு மேல் போனால் விலையும் வெப்பமும் ஏறுமே தவிர, உங்களுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் ஏறாது. மாதிரி விமானங்களுக்கான எரிபொருளில் நைட்ரோமீத்தேன் குறைவாகவும் எண்ணெய் அதிகமாகவும் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கினால் டியூனிங் (எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவைச் சரிசெய்வது) செய்வதற்குள் நொந்துபோவீர்கள்.

மெத்தனால் வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் மெத்தனாலின் விற்பனையும் இருப்பும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உரிமம் இல்லாமல் அதை வாங்கி வைத்திருப்பது, பொழுதுபோக்கு என்று விளக்கம் சொல்லித் தப்பக்கூடிய காரியம் இல்லை. ஆயத்தக் கலவையாக, மூடி முத்திரையிட்ட டப்பாவில், ஜி.எஸ்.டி. பில்லோடு மட்டும் வாங்குங்கள். அந்தப் பில்லின் ஒரு படியை டப்பாவோடு சேர்த்தே வையுங்கள். நான் பில்லைக் கைபேசியிலும் வைத்திருக்கிறேன், டப்பா இருக்கும் பெட்டிக்குள்ளும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்தது கொண்டுவரும் வழி. எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் இது சாதாரண விமானக் கூரியரில் வராது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் உறவினரிடம் கொடுத்து ரயிலில் கொண்டுவரச் சொல்வதும் குற்றம்; 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு இதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. இத்தகைய சரக்கை ஏற்கும் தரைவழிச் சரக்கு நிறுவனம் மூலம் அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்குவதே நடைமுறையில் உள்ள வழி. பணம் கட்டுமுன் அவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்த நிறுவனம் மூலம் அனுப்புவார், நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டத்தில் எந்தக் கிடங்குக்கு வரும், வழியில் ஒழுகினால் யார் பொறுப்பு? நான் இந்தக் கேள்விகளைக் கேட்காததால் என் முதல் டப்பா இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. மேலே சொன்ன 37 நாள்களில் பெரும்பகுதி அப்படிக் கழிந்ததுதான்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. 1/10 அளவுக் காரின் டேங்க் ஏறக்குறைய 75 சிசி கொள்ளும். ஒரு லிட்டருக்கு 13 தடவை நிரப்பலாம். 1/8 அளவுக் காரின் டேங்க் ஏறக்குறைய 125 சிசி. லிட்டருக்கு 8 தடவை. ஒரு டேங்க் பத்து நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்த விலை, சரக்குக் கட்டணம் சேர்த்து, லிட்டருக்கு 1,600 ரூபாய். அதாவது பெரிய காரில் பத்து நிமிடத்துக்கு 200 ரூபாய். வாரம் இரண்டு டேங்க் ஓட்டினால் மாதம் ஒரு லிட்டர் தீரும். இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே காட்டிவிடுவது பின்னால் வரும் பல உரையாடல்களைக் குறைக்கும்.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஜூனில் ஒரு மழையும் அக்டோபரில் மறு மழையும் வாங்கும் நம் மாவட்டத்தில் திறந்த டப்பா நெடுநாள் தாங்காது. ஆகவே நான்கு லிட்டர் டப்பா மலிவாகத் தெரிந்தாலும் ஒரு லிட்டர் டப்பாக்களாகவே வாங்குங்கள். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டிதான் இதற்கு இடம்.

3. ஓட்டும் இடத்தைக் காருக்கு முன்பே பார்த்து வையுங்கள்

குமரி மாவட்டத்துக்காரர் எவருக்கும் முதலில் கடற்கரைதான் நினைவுக்கு வரும். சொத்தவிளையின் அகன்ற மணலைப் பார்த்தபோது எனக்கும் கை துறுதுறுத்தது. நம் கரை மணலில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. மணவாளக்குறிச்சியில் இதையெல்லாம் பிரித்தெடுக்க ஓர் ஆலையே இயங்குகிறது. கார்னெட் என்பது உலோகத்தைத் தேய்க்கவும் உப்புத்தாள் செய்யவும் பயன்படும் பொருள். அது காற்றுவடிகட்டியைத் தாண்டி உள்ளே போனால், பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் இடையே நீங்களே உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். மேலும் உப்பு ஈரம் பேரிங்குகளை ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ரப்பர் தோட்டத்து மண்பாதைகள் ஆண்டின் பெரும்பகுதியில் அருமையானவை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் உறவினர் தோட்டம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலத்தில் அங்கே போகக் கூடாது. மெத்தனால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த சருகின் மேல் கார் கவிழ்ந்து எரிபொருள் ஒழுகினால், சருகு பற்றிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். எந்த இடமானாலும் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் அவை இங்கே உதவும்.

என் அனுபவத்தில் சிறந்தவை இரண்டு. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து தாள் மடித்து உழாமல் கிடக்கும் வயல் ஒன்று. அங்கே கட்டிகள் காரைத் தூக்கியடிக்கும், ஆனால் சுற்றிலும் வரப்பு இருப்பதால் கார் ஓடிப்போகாது. சரல் மண் இட்ட பள்ளி, கல்லூரி மைதானம் மற்றொன்று. மைதானத்துக்கு வாய்மொழி அனுமதி போதாது. நாள், நேரம் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டு வரும் முதல் ஆளிடம் காட்ட அந்த நகல் உதவும். சாலையில் ஓட்டுவதைப் பற்றி ஒரு வரி போதும்: மூன்று கிலோ எடையுள்ள உலோகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது, பைக்கில் வருபவரின் முன் சக்கரம் அதைத் தாங்காது.

4. உதிரிபாகப் பட்டியலை வைத்துக் காரைச் சோதியுங்கள்

‘தாங்கும் கார்’ என்று விளம்பரத்தில் சொல்வது உடையாத கார் என்ற பொருளில். அப்படி ஒன்று கிடையாது. உடைந்த பாகம் பத்து நாளுக்குள் உங்கள் கைக்கு வந்தால் அதுவே தாங்கும் கார். விற்பனையாளரிடம் காரின் விலையைக் கேட்கும் முன் இந்தப் பாகங்களின் இருப்பையும் விலையையும் கேளுங்கள்: முன்பக்க, பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்பர் கியர், கிளட்ச் ஷூவும் கிளட்ச் பெல்லும், டிஃபரன்ஷியல் கியர், புல் ஸ்டார்ட்டர் (கயிறு இழுத்து எஞ்சினைத் தொடங்கும் பாகம்), காற்றுவடிகட்டி, பிஸ்டன் ஸ்லீவ் தொகுதி, ஸ்டியரிங் சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்). இவற்றில் பாதிக்கு மேல் “வரவழைத்துத் தருகிறோம்” என்ற பதில் வந்தால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பேரிங்குக்கு மட்டும் விற்பனையாளரை நம்பி இருக்க வேண்டாம். அவை உலகம் முழுவதும் ஒரே அளவுகள்தான். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 16, அகலம் 5 மில்லிமீட்டர் என்று சொன்னால், நாகர்கோவிலில் எந்தப் பேரிங் கடைக்காரரும் எடுத்துத் தருவார், இல்லையென்றால் நான்கு நாளில் வரவழைப்பார். அளவு தெரியாவிட்டால் பழையதையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

5. இப்போது காரைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு சக்கர இயக்கமுள்ள 1/8 அளவு பக்கி (மண்ணில் ஓடும் தாழ்வான கார்) அல்லது டிரக்தான் என் பரிந்துரை. 1/10 அளவுக் கார் விலையில் பாதிதான் இருக்கும். ஆனால் நம் சரல் மண்ணில் அதன் சிறிய சக்கரமும் மெல்லிய தண்டுகளும் திணறும். தரையோடு ஒட்டி ஓடும் ஆன்ரோடு கார்கள் இங்கே எதற்கும் உதவா. நான் முதலில் வாங்கியது அந்த வகைதான். வழவழப்பான தரை நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று பெட்டியைப் பிரித்த பிறகுதான் யோசித்தேன்.

காரைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது சேஸிஸ் தட்டு (காரின் அடித்தட்டு) குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியமாக இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் கியர் உலோகமாக இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஆர்ம் மட்டும் நைலானாகவே இருக்கட்டும்; அது வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும், உடைந்தாலும் மலிவு. அங்கே அலுமினியம் போட்டால் அடி உள்ளே போய் விலைகூடிய பாகத்தை உடைக்கும். பளபளக்கும் நீல, ஊதா உலோகப் பாகங்களைக் கூடுதல் சிறப்பாகக் காட்டி விலை ஏற்றுவது விற்பனையாளர்களின் வழக்கமான உத்தி.

எஞ்சின் 21-ஆம் எண், அதாவது ஏறக்குறைய 3.5 சிசி, இருந்தால் போதும். இரட்டை வேக கியர், ரிவர்ஸ் கியர் ஆகியவை இல்லாத கார் கிடைத்தால் அதையே எடுங்கள். பழுதாக இரண்டு பொருள் குறைந்தது. ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும், ஃபெயில்சேஃப் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு அது. அதற்கும் மேலே, கார்புரேட்டரின் கைப்பிடியை மூடிய நிலைக்கு இழுக்கும் ஒரு சிறு ஸ்பிரிங்கை மாட்டிவிடுங்கள். ரிசீவர் பேட்டரி முற்றிலும் செத்துப்போனால் ஃபெயில்சேஃபும் சேர்ந்து செத்துவிடும், அந்த ஸ்பிரிங் ஒன்றுதான் காரை நிறுத்தும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: கியோஷோவின் இன்ஃபெர்னோ நியோ 1/8 பக்கிகளில் எளிமையானது, புதியவருக்கு ஏற்றது. ட்ராக்ஸஸ் ரெவோ 3.3 டிரக்கில் கயிறு இழுக்கும் வேலை இல்லை. பேட்டரியில் இயங்கும் கைக்கருவியால் தொடங்கலாம். விலை கூடுதல், ஆனால் முதல் மாதக் கண்ணீர் குறைவு. எச்.பி.ஐ. சாவேஜ் எக்ஸ் 4.6 முரட்டு வண்டி, எரிபொருளையும் அதற்கேற்பக் குடிக்கும். பணம் குறைவாக இருப்பவர்களுக்கு எச்.எஸ்.பி. 94188 என்ற 1/10 டிரக் உண்டு. இதே கார் வேறு பெயர்களிலும் விற்கப்படுவதால் பாகங்கள் கிடைப்பது எளிது.

மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் காருக்கு ஒதுக்குங்கள். மீதியில் குளோ இக்னைட்டர், எரிபொருள் ஊற்றும் குப்பி, நான்கு முனை ஸ்பேனர், அகச்சிவப்பு வெப்பமானி, ஆறு குளோ பிளக், காற்றுவடிகட்டியில் தடவும் எண்ணெய், ஒரு ஜோடி சஸ்பென்ஷன் ஆர்ம், இரண்டு லிட்டர் எரிபொருள் ஆகியவற்றை வாங்க வேண்டியிருக்கும்.

6. வளைகுடாவிலிருந்து வரவழைப்பதாக இருந்தால்

நம் மாவட்டத்தில் துபாயிலோ மஸ்கட்டிலோ ஒரு மாமாவோ அண்ணனோ இல்லாத வீடு குறைவு. அவர் வாங்கிக் கூரியரில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2019 டிசம்பரிலிருந்து கூரியர், தபால் வழியாக அன்பளிப்பு என்ற பெயரில் இறக்குமதி செய்வது, உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, தடைசெய்யப்பட்டுள்ளது. பொருளாக வரவழைத்தால் ஆதார் அல்லது பான் அட்டை நகலோடு கே.ஒய்.சி. படிவம் கேட்பார்கள், வரியும் கட்ட வேண்டும். 2023 நிதிநிலை அறிக்கையில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 60-லிருந்து 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது, அதற்குமேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவது இதைவிட நல்லது. அப்படியானால் கடை ரசீது அவர் கையில் இருக்க வேண்டும், அவர் புறப்படும் முன் தீர்வையில்லாப் பொருள்களின் நடப்பு வரம்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஒருமுறைகூட ஓடாததாக, டேங்க் ஈரம் படாததாக இருக்கட்டும். எரிபொருள் வாடை அடிக்கும் எஞ்சினை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எரிபொருளைப் பெட்டியில் வைக்கும் யோசனையே வேண்டாம்.

பழைய கார் வாங்குவோர் குளோ பிளக்கைக் கழற்றாமல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபிளைவீலை (எஞ்சின் தண்டோடு சுழலும் சக்கரத்தை) விரலால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும்போது இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. விலையில் எஞ்சினைக் கழித்துப் பேசுங்கள்.

7. முதல் நாள்: அவசரப்பட்டால் கெடுவது இங்கேதான்

புதிய எஞ்சினின் ஸ்லீவ் மேல்பக்கம் குறுகியிருப்பதால் பிஸ்டன் அங்கே சிக்கிக்கொள்வது இயல்பு. கயிற்றைப் பலங்கொண்டு இழுக்காதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் எஞ்சின் தலையை நன்றாகச் சூடாக்கிவிட்டு இழுங்கள். கயிறும் ஒரு முழத்துக்கு மேல் வர வேண்டாம். இழுக்கும்போது திடீரென்று கல்லைப் போல நின்றால் உள்ளே எரிபொருள் நிறைந்துவிட்டது என்று பொருள். பிளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்து, நான்கைந்து முறை இழுத்து வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் வலிந்து இழுத்துத்தான் என் புல் ஸ்டார்ட்டர் போனது.

முதல் ஐந்தாறு டேங்க் வரை முழு வேகம் கிடையாது. எரிபொருள் கூடுதலாகப் போகும்படி ஹை ஸ்பீடு நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) திறந்து வைத்து, புகை நன்றாக வரும் நிலையில் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் எஞ்சினை முழுவதும் ஆறவிடுங்கள். ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்குமாறு ஃபிளைவீலைச் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். இதற்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு அழைத்துப்போங்கள்.

அதன்பின் நீடிலை வலப்பக்கம், கடிகாரத்தில் ஒரு மணி நகரும் அளவுக்கு (ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு) திருப்பித் திருப்பி மூடிவாருங்கள். பிளக்கின் பக்கத்தில் வெப்பமானி 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டும், முழு வேகத்திலும் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். புகை நின்றுவிட்டு கார் திடீரென்று வேகமெடுப்பது போலத் தோன்றினால் மகிழாதீர்கள். எண்ணெய் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகத் தொடங்கியிருக்கிறது. உடனே நிறுத்தி நீடிலைத் திறந்துவிடுங்கள்.

8. ஓட்டி முடித்த பத்து நிமிடம்

டேங்கில் மிச்சம் வைக்காதீர்கள். எரிபொருளை டேங்கிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, குழாயில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, ஆஃப்டர் ரன் எண்ணெயை (ஓட்டி முடித்த பின் எஞ்சினுக்குள் விடும் பாதுகாப்பு எண்ணெய்) நான்கு சொட்டு விட்டு, கயிற்றை ஐந்தாறு முறை இழுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அது பிசினாகி ஒட்டிக்கொண்டது. வடிகட்டி நுரையை ஒவ்வொரு முறையும் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் காரைக் கழுவ வேண்டாம், பிரஷ்ஷும் துணியும் போதும்.

கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் காரை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலத்தில் ஓட்ட முடியாத வாரங்களில் ஞாயிறுதோறும் பெட்டியைத் திறந்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஃபிளைவீலை ஒரு சுற்றுச் சுற்றி, பிஸ்டனைக் கீழே நிறுத்திவிட்டு மூடுங்கள்.